இருப்பதில் சிறிய எண்

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. மே 9 அன்று அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி ஒரு புது விதியை நிறைவேற்றியது. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளுக்கென்று விட்டுவைத்திருந்த, வேறு யாரும் பெரிதாக மதிக்காத சில அலைக்கற்றைகளில் உரிமம் வாங்காமலே எவரும் ரேடியோவில் பேசிக்கொள்ளலாம் என்பது அந்த விதி. ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்கஸ் பல ஆண்டுகள் விடாமல் முட்டி மோதிப் பெற்ற அனுமதி அது. இன்றைய வைஃபையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 2 மாலை, டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் இறங்க வந்த டெல்டா 191 விமானம், இடிமேகத்திலிருந்து கீழே பாய்ந்த காற்றில் சிக்கி, ஓடுபாதையைத் தொடும் முன்பே தரையில் மோதியது. 137 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட காற்றை முன்கூட்டியே கண்டுபிடித்து விமானியை எச்சரிக்க ஒரு கருவி வேண்டும் என்ற குரல் வலுத்தது. அதன் விளைவுதான் டெர்மினல் டாப்ளர் வானிலை ரேடார். அமெரிக்க விமான நிலையங்களை ஒட்டி 45 இடங்களில் அது நிறுவப்பட்டது. அது வேலை செய்வது 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில்.

இந்த இரண்டு கதைகளும் 2009-இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் நகரில் சந்தித்துக்கொண்டன. அங்கிருந்த வானிலை ரேடாரின் திரையில், மையத்திலிருந்து விளிம்பு வரை சக்கரத்தின் ஆரக்கால் போலக் கோடுகள் விழத் தொடங்கின. அந்தத் திசைகளில் மழை மேகம் இருக்கிறதா, கீழ்நோக்கிப் பாயும் காற்று இருக்கிறதா என்று ரேடாரால் சொல்ல முடியவில்லை. காரணத்தைத் தேடிப் போனவர்கள் உயர்ந்த கட்டடங்களின் உச்சியிலும் கோபுரங்களிலும் கண்டது, இணையச் சேவைக்காகப் பொருத்தப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பெட்டிகளை.

அந்த அலைவரிசையில் வைஃபை நுழையக் கூடாது என்று தடை இருந்ததா? இல்லை. 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை வைஃபைக்குத் திறந்துவிட்டிருந்தது. ஆனால் நிபந்தனைகளோடு. பேசும் முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடாரின் துடிப்பு கேட்டால் சேனலைக் காலி செய்ய வேண்டும். தேவைக்கு மேல் திறனைக் கூட்டக் கூடாது. சான் ஹுவானில் சிக்கிய பெட்டிகளில் சில இதற்கான சான்றிதழே பெறாதவை. சிலவற்றில் அமைப்புகள் தவறாக இருந்தன. ஓர் ஊரின் விமானப் பாதுகாப்பு, யாரோ ஒருவர் மொட்டை மாடியில் ஏற்றி வைத்த பெட்டியின் மென்பொருள் அமைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். கணினிக்கும் வைஃபை சிப்புக்கும் நடுவில் நின்று, எந்தச் சேனலில் பேசுவது, எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்று சிப்புக்குச் சொல்வது அதுதான்.

*

சத்தத்தை அளக்கும் முறையை முதலில் பார்த்துவிடலாம். ரேடியோ பொறியாளர்கள் திறனை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு மில்லிவாட் என்பது 0 டிபிஎம். எண்ணில் பத்து கூடினால் திறன் பத்து மடங்கு. மூன்று கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு. அந்தக் கணக்கில் 20 டிபிஎம் 100 மில்லிவாட், 30 டிபிஎம் ஒரு வாட், 36 டிபிஎம் நான்கு வாட்.

ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு உச்சவரம்பு 20 டிபிஎம். அமெரிக்காவில் ஆன்டெனாவுக்குள் போவது ஒரு வாட், ஆன்டெனா குவித்துத் தருவதையும் சேர்த்தால் 36 டிபிஎம். இந்தியா 2005 ஜனவரியில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமத்திலிருந்து விலக்கு அளித்தபோது ஒரு வாட், நான்கு வாட் என்ற அமெரிக்க எண்களையே எடுத்துக்கொண்டது. கூடவே, ஆன்டெனா கட்டடக் கூரைக்கு மேல் ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற வரியும் உண்டு. ஆக, ஒரே மடிக்கணினி பாரிஸில் இருக்கும்போதும் மதுரையில் இருக்கும்போதும் அதற்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் திறனில் 40 மடங்கு வித்தியாசம். ஜப்பானில் இன்னொரு விசித்திரம்: 2484 மெகாஹெர்ட்ஸில் 14-ஆம் சேனல் என்று ஒன்று இருக்கிறது, பழைய 802.11பி முறைக்கு மட்டும், அந்த நாட்டில் மட்டும்.

ஆன்டெனா குவிப்பது என்றால் என்ன? வயல் வரப்பில் நின்று இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூப்பிடுபவரின் நெஞ்சில் கூடுதல் பலம் எதுவும் வந்துவிடுவதில்லை. ஆனாலும் கை குவிந்த திசையில் குரல் தூரம் போகிறது. 6 டெசிபெல் ஆதாயம் உள்ள ஆன்டெனா தன் திசையில் திறனை நான்கு மடங்காக்கிக் காட்டும். சட்டம் கேட்பது அந்தத் திசையில் இருப்பவரின் காதில் எவ்வளவு விழுகிறது என்பதை. ஆகவே டிரைவர் சிப்பின் திறனை மட்டும் கணக்கிட்டால் போதாது. முன்னால் இருக்கும் ஆன்டெனாவையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால் மொத்தம் 3 டெசிபெல் கூடும். மூன்று என்றால் கிட்டத்தட்ட 5. ஒவ்வொன்றின் திறனையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டியதும் டிரைவரின் வேலை. பயனர் கடையில் வாங்கிய பெரிய ஆன்டெனாவை மாட்டிவிட்டால் டிரைவருக்கு அது தெரியவே வராது. சட்டத்துக்கும் மென்பொருளுக்கும் இடையில் இன்றும் அடைபடாத ஓட்டை இது.

சரி, "17 டிபிஎம்" என்று டிரைவர் முடிவு செய்துவிட்டது. சிப்புக்கு டிபிஎம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெருக்கியின் படிநிலைகள்தாம்: இத்தனையாவது படியில் வை என்றால் வைக்கும். எந்தப் படியில் எத்தனை டிபிஎம் வெளிவரும் என்பது, சிப் பொருத்தப்பட்ட வைஃபை அட்டைக்கு அட்டை மாறும், சேனலுக்குச் சேனல் மாறும், சூடு ஏறினாலும் மாறும். அதனால் தொழிற்சாலையில் அட்டைகளை அளவுக் கருவியில் மாட்டி, சில சேனல்களில் சில படிகளில் வரும் திறனை அளந்து, அந்த அட்டவணையை அட்டையிலேயே உள்ள சின்ன நினைவகத்தில் பொறித்து அனுப்புகிறார்கள். டிரைவர் அந்த அட்டவணையைப் படித்து, இடையில் உள்ள மதிப்புகளைக் கணக்கிட்டு, சரியான படியைத் தேர்ந்தெடுக்கிறது. அதெராஸ் நிறுவனத்தின் சிப்புகளில் இந்தக் கணக்கு அரை டெசிபெல் நுணுக்கத்தில் நடக்கும். அந்த டிரைவர் நிரலைப் படிப்பவர்கள் 40 என்ற எண்ணைப் பார்த்தால் 20 டிபிஎம் என்று புரிந்துகொள்ள வேண்டும். அதை மறந்து எழுதப்படும் ஒரு வரி போதும், கணக்கு இரு மடங்கு பிசகிவிடும். 10 டிபிஎம் 20 ஆனால் திறனில் பத்து மடங்கு.

வேகமும் இதில் தலையிடுகிறது. அதிவேக முறைகளில் தகவல், அலையின் உயரத்திலும் கட்டத்திலும் மிக நெருக்கமாக அடுக்கப்படுகிறது. பெருக்கியை உச்சத்துக்கு விரட்டினால் அலை நசுங்கிப் போகும், அடுக்கு கலையும். அதனால் வேகம் கூடக் கூடத் திறனைச் சில டெசிபெல் இறக்கியே அனுப்ப வேண்டும். நசுங்கிய அலைக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: தன் சேனலின் வேலியைத் தாண்டிப் பக்கத்து வயலில் சிந்தும்.

அந்தப் பக்கத்து வயல் யாருடையது என்பதை இந்திய வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் மேல் வரப்பு 2483.5 மெகாஹெர்ட்ஸ். அதைத் தாண்டியவுடன் செயற்கைக்கோள்களின் இடம். இஸ்ரோ உருவாக்கிய நாவிக் வழிகாட்டி அமைப்பின் எஸ் பட்டை சமிக்ஞை மையம் கொண்டிருப்பது 2492.028 மெகாஹெர்ட்ஸில், அதாவது வரப்பிலிருந்து எட்டரை மெகாஹெர்ட்ஸ் தள்ளி. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும் அந்தச் சமிக்ஞை, மேசையில் இருக்கும் ரூட்டரோடு ஒப்பிட்டால் மூச்சுக் காற்றை விட மெல்லியது. அமெரிக்க விதிகளும் இதே 2483.5 முதல் 2500 வரையிலான பகுதியைச் சிந்தக் கூடாத இடமாக வைத்திருக்கின்றன. அதனால்தான் பல அட்டைகளில் ஓரத்துச் சேனல்களான 1-லும் 11-லும், நடுச் சேனலான 6-ஐ விடக் குறைந்த திறன் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டம் எல்லாச் சேனலுக்கும் ஒரே உச்சவரம்பைத்தான் சொல்கிறது. வரப்போரம் மெதுவாகப் பேச வைப்பது சிந்தல் பற்றிய விதி.

*

இத்தனை எண்களில் டிரைவர் எதைக் கேட்கும்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கான விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. நாட்டின் சட்டம் ஓர் எண் சொல்கிறது. அட்டையின் நினைவகம் ஓர் எண் சொல்கிறது. இணைந்திருக்கும் ரூட்டர், "எங்கள் இடத்தில் இவ்வளவு டெசிபெல் குறைத்துப் பேசு" என்று ஓர் எண் அனுப்பலாம். பயனரும் தன் பங்குக்கு ஓர் எண் தரலாம். கெர்னல் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இருப்பதில் சிறியதை எடுத்துக்கொள்கிறது. யார் பெரியவர் என்ற வழக்கே அங்கு எழுவதில்லை. சத்தத்தைக் குறைக்க இவர்களில் எவராலும் முடியும். கூட்ட எவராலும் முடியாது. பல நாட்டுச் சட்டங்களும் பல நிறுவனங்களின் சிப்புகளும் கோடிக்கணக்கான பயனர்களின் விருப்பங்களும் மோதும் இடத்தில், சில வரி ஒப்பீட்டில் தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. மென்பொருளில் அழகு என்று ஒன்று உண்டென்றால் இதுவும் அதில் சேரும்.

எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாவிட்டால்? விமானத்திலிருந்து இறங்கி மடிக்கணினியைத் திறக்கும் பயணியின் நிலை அது. அப்போது கெர்னல் "00" என்ற கற்பனை நாட்டின் சட்டத்தைக் கையில் எடுக்கிறது. பெரும்பாலான நாடுகளில் குற்றமாகாதது எதுவோ அதை மட்டும் அனுமதிக்கும் நாடு அது. 1 முதல் 11 வரை சேனல்களில் பேசலாம். 12, 13 போன்ற சந்தேகத்துக்குரிய சேனல்களில் முதலில் வாய் திறக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்க மட்டும் செய்யலாம். அருகில் ஏதாவது ரூட்டர் அந்தச் சேனலில் பேசுவது காதில் விழுந்தால், இங்கே இது அனுமதிக்கப்பட்டது போலும் என்று கருதி இணையலாம். ரூட்டர்கள் நொடிக்குச் சுமார் பத்து முறை அனுப்பும் அறிமுகச் செய்தியில் நாட்டின் குறியீட்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் 2001-இல் வந்த 802.11டி தரத்திலேயே இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் உள்ளூர்க்காரர் நடப்பதைப் பார்த்து நடந்துகொள்வதைப் போலத்தான்.

ரேடார் சேனல்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ரூட்டர் அந்தச் சேனலில் பேசத் தொடங்கும் முன் 60 நொடி வாய் மூடிக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இயங்கும் 5600–5650 பகுதிக்கு மட்டும் பத்து நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போது ரேடார் கேட்டால் பத்து நொடிக்குள் இடத்தைக் காலி செய்து, அடுத்த 30 நிமிடம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. வீட்டு ரூட்டர் சில சமயம் காரணமே இல்லாமல் தாமதமாக எழுந்திருப்பதாகத் தோன்றினால், அது வானிலை ரேடாருக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

நாடுகளின் சட்டங்களெல்லாம் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன? ஒரு சாதாரண உரைக் கோப்பில். நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு, அதன் கீழே அலைவரிசை எல்லைகள், அகலம், உச்சத் திறன், ரேடார் நிபந்தனை. அவ்வளவுதான். 2018 அக்டோபரில் இந்தியா 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் இடத்தைத் திறந்துவிட்டது போன்ற அறிவிப்பு வந்தால், யாராவது அரசிதழைப் படித்து அந்த வரிகளைத் திருத்தி அனுப்ப வேண்டும். சட்ட மொழியை எண்களாக மாற்றும் இந்த வேலைக்குப் புகழ் கிடையாது. உலகத்தின் எத்தனையோ லினக்ஸ் கருவிகள் சட்டத்துக்குள் நிற்பது இதைச் செய்பவர்களின் பொறுமையால்.

அந்தக் கோப்பை வழியில் எவரும் திருத்திவிடாமல் இருக்க மின் கையொப்பம் இடப்படுகிறது. 2008 டிசம்பரில் வந்த கெர்னலிலிருந்து இதற்கென்று சிஆர்டிஏ என்ற துணை நிரல் இருந்தது. கெர்னல் கேட்டால் அது கையொப்பத்தைச் சரிபார்த்து நாட்டின் விதியை எடுத்துக் கொடுக்கும். 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து கெர்னலே கோப்பைப் படித்து, கையொப்பத்தையும் தானே சரிபார்க்கிறது. கோப்பைப் பராமரிப்பவரின் பொதுச் சாவி கெர்னலின் மூல நிரலுக்குள்ளேயே இருக்கிறது.

*

ஆனாலும் பூட்டைச் சுற்றிப் போகும் வழிகளைத் தேடுபவர்கள் இருந்தார்கள். நாட்டைப் "பொலிவியா" என்று மாற்றிவிடுங்கள், திறன் 30 டிபிஎம் ஆகிவிடும் என்ற குறிப்பு பல ஆண்டுகள் செவிவழிப் பாடமாகவே உலவியது. நாட்டுச் சட்டங்களின் கோப்பில் அந்த நாட்டுக்கு அப்போது அந்த எண் இருந்தது. சில அட்டைகளில் கெர்னல் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது. நாட்டுக் குறியீடு நினைவகத்தில் பொறிக்கப்பட்ட அட்டைகளில் பொலிவியாவின் எண்ணும் அட்டையின் எண்ணும் ஒப்பிடப்பட்டு, சிறியதே நின்றது.

இதனால் கிடைக்கும் லாபத்தைப் பார்க்கலாம். 20-லிருந்து 30 டிபிஎம் என்றால் பத்து மடங்கு திறன். தடையே இல்லாத திறந்த வெளியில் அது மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரம் தரும். சுவர்கள் நிறைந்த வீட்டில் அதற்கும் குறைவு. அதை விட முக்கியமான விஷயம், வைஃபை ஒருவழிப் பேச்சு அன்று. ரூட்டர் அனுப்பும் தகவல் ஒவ்வொன்றுக்கும் கைபேசி "வந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். சின்ன மின்கலத்தை வைத்துக்கொண்டு கைபேசி சன்னமான குரலில்தான் பேசும். அந்தப் பதில் கேட்காத தூரத்தில் ரூட்டர் எவ்வளவு கத்தியும் பயனில்லை. பதில் வரவில்லையே என்று அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அந்த நேரமெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை தன் முறைக்காகக் காத்துக் கிடக்கும்.

இப்படித் திருத்துபவர்கள் இருப்பதாலேயே டிரைவரை மூடி வைக்க வேண்டும் என்று ஒரு வாதம் எழுந்தது. 2000-களில் அதெராஸ் சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவரில், திறனையும் சேனலையும் கையாளும் பகுதி மட்டும் எவரும் படிக்க முடியாத மூடிய கோப்பாக வந்தது. சட்டத்தைக் காக்க இதுதான் வழி என்றார்கள். 2007-இல் எஃப்சிசியும், முழுக்கத் திறந்த மூல நிரலை நம்பிய பாதுகாப்பு ஏற்பாடு போதுமானது என்று நிரூபிப்பதில் அதிகச் சிரமம் இருக்கும் என்ற பொருள்பட எழுதியது. மூடிய கோப்பு எதையும் காத்துவிடவில்லை. ஓபன்பிஎஸ்டி அமைப்பின் நிரலாளர் ரேயிக் ஃப்ளோட்டர், சிப்பின் நடத்தையைக் கவனித்தே அந்தப் பகுதியைத் தானாக எழுதிவிட்டார். 2008 ஜூலையில் அதெராஸ் நிறுவனமே மனம் மாறி, ஆத்9கே என்ற டிரைவரை மூல நிரலோடு வெளியிட்டது. அக்டோபரில் அது லினக்ஸ் 2.6.27-இல் சேர்ந்தது. சட்டத்தின் எண்களை மறைத்து வைப்பதற்குப் பதிலாக, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்துக் கையொப்பமிடும் ஏற்பாடு அந்தக் காலகட்டத்தில்தான் பிறந்தது. இதில் திறந்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. தவறான எண்ணைக் கண்டுபிடிக்க முதலில் அது கண்ணில் பட வேண்டுமே.

சர்ச்சை அதோடு ஓயவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் விதிகளை 2014-இல் திருத்திய எஃப்சிசி, மென்பொருளை எவரும் மாற்றாதபடி கருவிகளைப் பூட்டச் சொன்னது. 2015 மார்ச்சில் வந்த வழிகாட்டி, பலரும் ரூட்டரில் ஏற்றிக்கொள்ளும் டிடி-டபிள்யுஆர்டி என்ற மென்பொருளைப் பெயர் சொல்லியே, இது ஏறாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்று உற்பத்தியாளர்களைக் கேட்டது. இணையத்தின் தந்தையரில் ஒருவரான விண்ட் செர்ஃபும், வைஃபை தாமதங்களைக் குறைக்க உழைத்த டேவ் டாட்டும் சுமார் 260 வல்லுநர்களோடு சேர்ந்து அக்டோபரில் எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார்கள். ரூட்டரின் நிரலை வெளியிட்டுத் தொடர்ந்து பழுது பார்க்க வைப்பதே பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். நவம்பரில் ஆணையம் வழிகாட்டியைத் திருத்தியது: ரேடியோ வரம்புகளை மட்டும் பூட்டினால் போதும், மற்றவற்றைத் திறந்து வைக்கலாம்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆணையம் செய்துகொண்ட ஒரு சமரசத் தீர்வு இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே தாளில் எழுதியது. டிபி-லிங்க் நிறுவனத்தின் சில ரூட்டர்களில் பயனர் நாட்டின் பெயரை மாற்றினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறன் அனுமதித்த அளவைத் தாண்டியது. பொலிவியா வித்தையேதான், ஆனால் நிறுவனமே அமைத்துக் கொடுத்த மெனுவில். நிறுவனம் 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கூடவே, திறந்த மூல நிரல் சமூகத்தோடும் சிப் தயாரிப்பாளர்களோடும் சேர்ந்து, பயனர் தன் மென்பொருளை ஏற்றிக்கொள்ளவும் ரேடியோ சட்டத்துக்குள் நிற்கவும் வழி காண்பதாகவும் எழுதிக் கொடுத்தது.

*

2020 ஏப்ரலில் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்ஸைத் திறந்தபோது எண்களின் உருவமே மாறியது. வீட்டுக்குள் இயங்கும் ரூட்டருக்கு வரம்பு, மெகாஹெர்ட்ஸ் ஒன்றுக்கு 5 டிபிஎம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் அது 18 டிபிஎம் ஆகும்; 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 30. சேனலுக்கு ஒரு எண் என்று பழகிய டிரைவர்கள், அகலம் மாறும்போதெல்லாம் வரம்பையும் மாற்றிக் கணக்கிடக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதை விடப் பெரிய மாற்றம் வெளியே இயங்கும் ரூட்டர்களுக்கு. அந்த அலைவரிசையில் ஏற்கெனவே மலை உச்சிகளுக்கும் கோபுரங்களுக்கும் இடையே நிலையான மைக்ரோவேவ் இணைப்புகள் ஓடுகின்றன. 36 டிபிஎம் வரை பேச விரும்பும் ரூட்டர், தான் இருக்கும் இடத்தை மையக் கணினி ஒன்றுக்குத் தெரிவித்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு திறன் என்று கேட்டு வாங்க வேண்டும். டிரைவர் ஒப்பிட வேண்டிய எண்களின் பட்டியலில் இன்னோர் எண் சேர்ந்திருக்கிறது, ஆனால் இந்த எண் எந்த நினைவகத்திலும் பொறிக்கப்பட்டதில்லை. நாள்தோறும் புதிதாக வருவது. ஒரு நாள் முழுக்க அந்தக் கணினியைத் தொடர்பு கொள்ள முடியாவிட்டால், மறுநாள் இரவு 11:59 வரை ரூட்டருக்கு அவகாசம். அதற்குப் பிறகு அது பேச்சை நிறுத்திவிட வேண்டும்.